எத்தனை வாரம் என்று எழுதுங்கள்: கர்ப்பிணிகள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஐந்து முதல் ஏழு மாதம் வரை உள்ளவர்களுடையவை. வாந்தி நின்று, வயிறு தெரிய ஆரம்பித்து, பார்க்கிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கும் காலம். எழுதியவர்களில் பலர் ஒரே வாட்ஸ்ஆப் குரூப்பில் இருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரே வதந்தி நாலு பேர் பெயரில் வந்திருக்கிறது.

வழக்கமாகச் சொல்வதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் பட்டால், தண்ணீர் கசிந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். கிளினிக்கில் கொடுத்த கர்ப்பப் பதிவேட்டை, அதாவது பிங்க் புக்கை, எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கே: எனக்கு 20 வாரம், முதல் பிள்ளை. இன்னும் அசைவே தெரியவில்லை. குரூப்பில் ஒருவருக்கு 16 வாரத்திலேயே தெரிந்ததாம். வீட்டிலேயே இதயத்துடிப்பு கேட்கும் கருவி வாங்கலாமா? (செந்தூல்)

ப: அவருக்கு அது எத்தனையாவது பிள்ளை என்று கேட்டீர்களா? இரண்டாவது, மூன்றாவது என்றால் 16 வாரத்தில் தெரியலாம். முதல் பிள்ளைக்கு 18 முதல் 20, சிலருக்கு இன்னும் கொஞ்சம் தள்ளியும் போகும். நஞ்சுக்கொடி வயிற்றின் முன்பக்கம் ஒட்டியிருந்தால் உதை மெத்தையில் பட்ட மாதிரி மந்தமாகத்தான் தெரியும். ஸ்கேன் தாளில் அது எழுதியிருக்கும், பாருங்கள். 24 வாரம் வந்தும் ஒன்றும் தெரியாவிட்டால் கிளினிக்குக்குப் போய்க் காட்ட வேண்டும்.

கருவி வேண்டாம். உங்கள் சொந்த நாடித்துடிப்பைக் கேட்டுவிட்டுப் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகப் படுத்துவிடுவீர்கள். 28 வாரம் ஆனதும் பிங்க் புக்கில் இருக்கும் அசைவு அட்டவணையைப் போடுங்கள். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுக்குள் பத்து அசைவு வர வேண்டும். வழக்கத்தைவிடக் குறைகிறது என்று தோன்றினால் ஒன்பது மணி வரை காத்திருக்கவும் வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

கே: மிஸ்ஸி (நர்ஸ்), இது நார்மலா? (ஊர் பெயர் இல்லை)

ப: இதோடு ஒரு படம் வந்திருக்கிறது. பிங்க் புக்கின் பாதிப் பக்கம் தெரிகிறது, எண் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் கட்டைவிரல் தெரிகிறது. விரல் நார்மல்.

கே: ரத்தம் (ஹீமோகுளோபின்) 9.6 என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன், காலையில் ரொட்டி சானாயும் தே தாரேவும் சாப்பிட்டதும் உடனே. ஒரு மாதம் கழித்தும் 9.7 தான். 26 வாரம். (ஜிஞ்சாங்)

ப: மாத்திரையைத் தேநீரோடு சேர்த்துவிட்டீர்கள். தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. கோப்பியும் அப்படித்தான். மாத்திரைக்கும் தேநீருக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் பாலையும் வேறு வேளைக்குத் தள்ளிவிடுங்கள். கொய்யா, ஆரஞ்சு மாதிரி ஏதாவது ஒன்றோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 9.6-ஐ அப்படியே விட்டுக்கொண்டு பிரசவத்துக்குப் போகக் கூடாது. இப்படி ஒரு மாதம் போட்டும் ஏறவில்லை என்றால், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தார்களா எனக் கேளுங்கள்.

கே: எனக்கு 25 வாரம், வயது 29. அடுத்த வாரம் எம்.ஜி.டி.டி. என்ற சர்க்கரைச் சோதனை இருக்கிறது. மூன்று நாள் சோறு, ரொட்டி எல்லாம் நிறுத்தினால் பாஸாகிவிடலாம் என்று எங்கள் அம்மாக்கள் குரூப்பில் சொல்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வேறு. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) என்று சொல்லிவிட்டால் அத்தை ஏழு வகைச் சாதத்தில் ஒன்றைக்கூடத் தொட விடமாட்டார். தேதியைத் தள்ளிப் போடலாமா? (கெப்போங்)

ப: இந்த ஒரு யோசனைக்கு எத்தனை தடவை பதில் எழுதுவது? சரி, இன்னொரு தடவை எழுதுகிறேன். குரூப்பில் அப்படியே போட்டுவிடுங்கள்.

முதலில், அந்தத் தந்திரம் பலிக்காது. மூன்று நாள் மாவுச்சத்து இல்லாமல் கிடந்த உடம்புக்குள் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் போனால் அது தடுமாறும். வேண்டிய நேரத்தில் வேண்டிய இன்சுலின் வராது. ஒன்றுமே இல்லாதவளுக்கும் இரண்டு மணி நேர அளவு ஏறிக் காட்டலாம். அதனால்தான் முந்தின மூன்று நாளும் வழக்கம்போல் சாப்பிடுங்கள், முந்தின இரவு மட்டும் எட்டு பத்து மணி நேரம் வெறும் வயிறு என்று சொல்கிறோம். ஏமாற்றப் போய் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

அப்படியே பலித்தாலும் யாரை ஏமாற்றுகிறீர்கள்? இந்த மாதங்களில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். எல்லாக் கர்ப்பிணிக்கும் இது நடக்கிறது. கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிட்டால் சரி, முடியாதவளுக்குச் சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரை பிள்ளைக்குப் போகும், உங்கள் இன்சுலின் போகாது. பிள்ளை தானே இன்சுலினைச் சுரந்து சுரந்து பருத்துவிடும். பிரசவத்தில் தலை வெளியே வந்து தோள் மாட்டிக்கொள்வது இதனால்தான். பிறந்த கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைக்குச் சர்க்கரை விழுந்துபோவதும் இதனால்தான். தோள் மாட்டிய பிரசவத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் யாரும் எம்.ஜி.டி.டி.யில் பாஸாக வழி சொல்ல மாட்டார்கள்.

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் ஐந்து பெரியவர்களில் ஏறக்குறைய ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் பத்துக்கு மூன்று பேர். அதனால் 'எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை' என்று சொல்கிறவர்களிடம், வீட்டில் யாராவது பரிசோதித்திருக்கிறார்களா என்று முதலில் கேட்பேன். அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்களுக்கு இருந்தாலோ, முந்தின பிள்ளை நாலு கிலோவுக்கு மேல் பிறந்திருந்தாலோ, கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடுதலாக இருந்தாலோ, முதல் முறை பதிவு செய்யப் போகும்போதே இந்தச் சோதனை உண்டு. மற்றவர்களில் 25 வயதைத் தாண்டியவர்களுக்கு 24 முதல் 28 வாரத்துக்குள். ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 5.1 மில்லிமோல், குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 7.8. இரண்டில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால இனிப்பு நீர்தான்.

இன்னும் சில திருட்டுத்தனங்களும் எனக்குத் தெரியும். பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கழிப்பறையில் ஊற்றுவது. வாந்தி எடுத்துவிட்டு மிஸ்ஸியிடம் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது. அப்புறம், இனிப்பு நீர் என்று தெரிந்து நாலு வேளை சர்க்கரை பார்க்கச் சொன்னால், அந்த ஒரு நாள் மட்டும் ஓட்ஸும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் நாசி லெமாக்கும் ஐஸ் மைலோவும். புத்தகத்தில் எண் அழகாக இருக்கும், ஸ்கேனில் பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இனிப்பு நீர் என்று வந்தால் என்ன ஆகிவிடும்? பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டை ஒழுங்கு செய்து, சாப்பிட்டபின் கொஞ்சம் நடந்தாலே அடங்கிவிடும். சோறு பாதி, காய் இரண்டு பங்கு, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங். அடங்காவிட்டால் மெட்ஃபார்மின், அதற்கும் மேல் இன்சுலின் ஊசி. ஊசி என்றதும் அழாதீர்கள், அது பிள்ளைக்குப் போவதில்லை. பிரசவமாகி ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு சோதனை உண்டு. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் எல்லாரும் மறப்பது அதைத்தான்.

தேதியைத் தள்ள வேண்டாம். சோதனை முதலில், வளைகாப்பு அப்புறம். ஏழு வகையிலும் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு சுண்டலை நிறையச் சாப்பிடுங்கள். அத்தையிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவருக்கே இனிப்பு நீர் இருக்கலாம், துணைக்கு ஆள் கிடைத்த மாதிரி ஆகும். குரூப்பில் வழி சொன்னவரிடம் அவர் பிள்ளை எத்தனை கிலோ பிறந்தது என்றும் கேட்டுப் பாருங்கள்.

கே: கடுமையான பல்வலி. 22 வாரம். தோழி அவளிடம் மிச்சமிருந்த பொன்ஸ்டான் வலி மாத்திரை கொடுத்தாள். (செராஸ்)

ப: போடாதீர்கள். பொன்ஸ்டான், வோல்ட்டாரென் வகை மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். வலிக்குப் பாரசெட்டமால் போதும். அடங்குவதற்காகக் காத்திருக்காமல் பல் டாக்டரிடம் போங்கள். பல் வைத்தியத்துக்கு நடுமாதங்கள்தான் நல்ல நேரம், கர்ப்பம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சலுக்கும் இதே விதி, பாரசெட்டமால் மட்டும். நம் ஊரில் காய்ச்சல் என்றாலே டெங்கியாக இருக்குமோ என்று ரத்தம் பார்த்துவிட வேண்டும். தோழி தாராளமாகக் கொடுக்கலாம், மாங்காய், பழைய மெட்டர்னிட்டி சட்டை, காது. மாத்திரை வேண்டாம்.

கே: தூக்கத்தில் மல்லாந்துவிடுகிறேன். நடுராத்திரி விழித்துப் பதறுகிறேன். 27 வாரம். (பூச்சோங்)

ப: திரும்பிப் படுத்துத் தூங்குங்கள். 28 வாரத்திலிருந்து படுக்கும்போது ஒருக்களித்துப் படுத்தால் போதும், தூக்கத்தில் புரண்டதற்கு யாரும் பொறுப்பில்லை.

கே: பத்துமலையில் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். அப்போது ஆறு மாதம் இருக்கும். (செலாயாங்)

ப: 272 படி, வெறுங்கால், தலையில் குடம், முன்னும் பின்னும் லட்சக்கணக்கில் கூட்டம். உங்கள் காலை உங்களுக்கே பார்க்க முடியாத நிலையில் இது எதற்கு? நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று சொல்லியிருந்தால் பேச்சே இல்லை. கூட்டம் சேர்வதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு காலை வேளையில் போய்க் கீழிருந்து கும்பிட்டுவிட்டு வாருங்கள். குடத்தைக் கணவர் எடுக்கட்டும். அடுத்த வருடம் பிள்ளையைக் கரும்புத் தொட்டிலில் போட்டுக் கொண்டுபோகலாம். முருகன் காத்திருப்பார்.

கே: என் மனைவிக்கு 24 வாரம். ராத்திரி இரண்டு மணிக்கும் அந்தக் குரூப்பிலேயே இருக்கிறாள். போனை வாங்கி வைத்துவிடலாமா? (ரவாங்)

ப: தம்பி, இரண்டு மணிக்கு அவள் விழித்திருக்கும்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? குறட்டை விட்டிருப்பீர்கள். கால் நரம்பு இழுத்துக்கொண்டு, நெஞ்செரிந்து, நாலாவது முறை பாத்ரூம் போய் வந்து உட்கார்ந்திருப்பவளுக்கு 'எனக்கும் அப்படித்தான்டி' என்று சொல்ல இன்னொருத்தி விழித்திருப்பது பெரிய மருந்து. குரூப்பை நான் திட்டுவது மாத்திரை, எண், தந்திரம் இந்த மூன்றுக்காக மட்டும்தான். போனைத் தொடாதீர்கள். அடுத்த செக்கப்புக்குக் கூடப் போங்கள், காலை நீவிவிடுங்கள். ஏழு நாள் தந்தையர் விடுப்புக்கு ஒரு மாதம் முன்பே முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

கே: கணவர் சிங்கப்பூரில் வேலை, வாரம் ஒரு முறைதான் வருவார். அம்மா ஈப்போவில். கொண்டோவில் பேச ஆளில்லை. எல்லாரும் சந்தோஷமாக வயிற்றுப் படம் போடுகிறார்கள், எனக்கு அழுகையாக வருகிறது. 21 வாரம். (ஸ்தாப்பாக்)

ப: நீங்கள் எழுதியது நல்லது. படம் போடுகிறவர்களில் பாதிப் பேர் எனக்கும் கடிதம் போடுகிறார்கள், அதில் எழுதுவது வேறு கதை. அடுத்த செக்கப்பில் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லாமல் இங்கே எழுதியதை அப்படியே மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். கர்ப்பத்திலேயே மனச்சோர்வு வருவது உண்டு, கிளினிக்கில் அதற்குக் கேள்வித்தாளும் இருக்கிறது, டாக்டரும் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, எதிலும் விருப்பமில்லை என்றால் செக்கப் வரும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம். நடுராத்திரி என்றால் பிஃபிரெண்டர்ஸ், 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பார்கள். அம்மாவை ஒரு மாதம் வரவழைக்க முடியுமா என்று பாருங்கள். குரூப்பில் ஸ்தாப்பாக், வங்சா மாஜு பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒருத்தி கிடைத்தாலும் இரண்டு பேருமாகச் சேர்ந்து செக்கப்புக்குப் போய் வரலாம்.

கே: பிங்க் புக்கில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். பயமாக இருக்கிறது. (பிரிக்பீல்ட்ஸ்)

ப: வெள்ளை என்றால் மிஸ்ஸி பார்ப்பார். பச்சை என்றால் கிளினிக் டாக்டரும் பார்ப்பார். மஞ்சள் என்றால் ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட், சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. உங்களைக் கூடுதலாக ஒருவர் பார்க்கிறார், அதற்கு ஏன் பயம்? காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கே: மருமகளுக்குக் குங்குமப்பூ கொடுத்தால் பேரப்பிள்ளை சிவப்பாகப் பிறக்குமா? (கிள்ளான்)

ப: பிறக்காது அக்கா. அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

கே: பிரசவ விடுப்பு 60 நாள்தான் என்கிறார் மேனேஜர். இது மூன்றாவது பிள்ளை. (பெட்டாலிங் ஜெயா)

ப: அவர் பழைய சட்டத்தைப் படித்திருக்கிறார். 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையிலும் 98 நாள், சம்பளத்தோடு. ஐந்து பிள்ளை வரை சம்பளம் உண்டு. பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பிருந்து எடுக்கத் தொடங்கலாம். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். தகராறு என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

கே: டுரியான் சூடு என்கிறார்களே, 26 வாரத்தில் சாப்பிடலாமா? (செகாம்புட்)

ப: சூடு எல்லாம் இல்லை, சர்க்கரைதான் பிரச்சினை. எம்.ஜி.டி.டி. சரியாக இருந்தால் இரண்டு மூன்று சுளை, அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டு. சரியாக இல்லையென்றால் இந்த சீசனுக்கு வாசனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் வாசனைக்குக் குறைவில்லை.