தமிழ்ப் பொலிஸார் வேண்டும், என் மகன் வேண்டாம்: கருத்துக்கணிப்பு பிழையா?

கொழும்பு வெள்ளவத்தைத் தமிழர்களிடம் நீங்கள் எடுத்த கருத்துக்கணிப்பில் இரண்டு பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, கணிப்பு பிழையா என்று கேட்கிறீர்கள். பிழையில்லை. ஒரே ஆள் "தமிழ்ப் பொலிஸார் இன்னும் அதிகம் வேண்டும்" என்றும் "என் மகனைப் பொலிஸில் சேர்க்கமாட்டேன்" என்றும் சொல்வதில் முரண் கிடையாது.

முதல் பதிலில் அவர்கள் நினைப்பது பெரும்பாலும் முறைப்பாட்டு மேசையைத்தான். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் புரியாமலே கையொப்பமிட்டவருக்கு பொலிஸில் எத்தனை தமிழர் என்பது பெரிதல்ல, தன் மொழியில் எழுதுபவர் இருக்கிறாரா என்பதே பெரிது. தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையில் இருக்கிறது. பல மேசைகளில்தான் இல்லை.

இரண்டாவதில் பேசுவது பழைய நினைவு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது என்றாலும், அந்தச் சீருடையை மகனுக்கு மாட்டிப் பார்க்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

ஒன்று செய்து பாருங்கள். "தமிழ் நன்றாகப் பேசும் சிங்கள அதிகாரி போதுமா?" என்று சிலரிடம் தனியாகக் கேளுங்கள். பலர் ஆம் என்றால், இனத்தையும் மொழியையும் வினாக்கொத்தில் பிரித்தே ஆகவேண்டும்.

கொழும்பின் மருதானைப் பகுதி முஸ்லிம்களுக்கு இந்த முடிவை அப்படியே நீட்டாதீர்கள். 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய அவர்களின் அனுபவம் வேறு. கேள்வி கேட்கச் சிங்கள நண்பரை அழைத்துப் போயிருந்தால் அதையும் குறித்துவையுங்கள், பதில்கள் மென்மையாகியிருக்கும்.