பனியாறு எங்கே உருவாகும், எங்கே உருவாகாது?: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளியில் நீண்ட காலம் புவியியல் நடத்தியவன் என்பதால் பனியாறுகள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், செய்தித்தாளில் பனிப்பாறை என்று போடுகிறார்கள், பாடநூலில் பனியாறு என்கிறது. இரண்டும் ஒன்றா?

செய்தியில் பனியாற்றையும் பனிப்பாறை என்றே எழுதுகிறார்கள். ஆனால் கடலில் மிதக்கும் பனிக்கட்டியையும் பனிப்பாறை என்பதால் குழப்பம் வருகிறது. நிலத்தில் ஆண்டுக்கணக்கில் பனி சேர்ந்து, மேலிருக்கும் எடையால் இறுகிக் கட்டியாகி, தன் பாரத்தாலேயே மெல்ல நகரத் தொடங்கினால் அது பனியாறு. நகர்வதுதான் அடையாளம். கடலை எட்டிய முனை உடைந்து மிதந்தால் அது பனிப்பாறை.

கேள்வி: பனியாறு எல்லாக் கண்டத்திலும் உண்டா?

ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் மட்டும் கிடையாது. அங்கே மிக உயர்ந்த காசியஸ்கோ சிகரமே 2,228 மீட்டர்தான். அந்த நாட்டுக்குச் சொந்தமான ஹேர்ட் தீவில் உண்டு. பக்கத்து நாடான நியூசிலாந்திலும் உண்டு. மற்ற ஆறு கண்டங்களிலும் இருக்கின்றன. எண்ணிக்கை 2 லட்சத்துக்கு மேல். ஆனாலும் உலகின் நிலப்பனியில் சுமார் 99 சதவீதம் அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் கண்டப் பனியாறாக, அதாவது பெருநிலத்தையே மூடும் பனிப் பரப்பாகப் படர்ந்து கிடக்கிறது.

கேள்வி: ஆப்பிரிக்காவில் எப்படி சார்? அங்கே வெயில் கொளுத்துமே!

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். அடிவாரத்தில் வியர்த்துக் கொட்டினாலும் உச்சியில் நீர் உறையும். கென்யா மலை நிலநடுக்கோட்டை ஒட்டியே நிற்கிறது. அங்கும் உண்டு, உகாண்டா–காங்கோ எல்லையின் ருவென்சோரி மலைகளிலும் உண்டு. தென் அமெரிக்காவில் ஈக்வடாரின் கயாம்பே எரிமலையை நிலநடுக்கோடே கடந்து போகிறது, அதன் மேலும் பனியாறுகள். ஆனால் ஆப்பிரிக்கப் பனி வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 1912-இல் கிளிமஞ்சாரோவில் இருந்ததில் 80 சதவீதத்துக்கு மேல் இன்று இல்லை. வகுப்பில் நான் காட்டிய பழைய படங்களை இனி அப்படியே காட்ட முடியாது என்பது மனதை வருத்துகிறது.

கேள்வி: அப்படியானால் சைபீரியா முழுக்கப் பனியாறாக இருக்க வேண்டுமே?

இல்லை. குளிர் மட்டும் போதாது, பனி நிறையப் பெய்ய வேண்டும். பெய்ததில் ஒரு பகுதி கோடையைத் தாண்டி மிஞ்ச வேண்டும். சைபீரிய ஊரான வெர்கோயான்ஸ்க்கில் குளிர்காலத்தில் மைனஸ் 50-க்குக் கீழே போகும், ஆனால் பெய்யும் பனி குறைவு. கோடையில் அதுவும் உருகிவிடும். 2020 ஜூனில் அங்கே 38 டிகிரி பதிவானது. நேர்மாறாக நியூசிலாந்தின் மேற்குக் கரையில் குளிர் அவ்வளவு இல்லை, ஆனால் கடற்காற்று கொண்டுவரும் பனி மலையில் குவிகிறது. அதனால்தான் அங்கே ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு மழைக்காட்டுக்கு அருகே வரை இறங்கி வந்திருக்கிறது.

கேள்வி: சியாச்சின்தான் உலகிலேயே நீளமானதா?

இல்லை. அண்டார்டிகாவின் லாம்பர்ட் 400 கி.மீ. அளவுக்கு நீண்டது. சியாச்சின் சுமார் 76, தஜிகிஸ்தானின் ஃபெட்சென்கோ 77.

கேள்வி: கங்கோத்ரிப் பனியாற்றின் முனையான கோமுகம் போகப்போகிறேன். வெள்ளை வெளேரென்று இருக்குமா?

அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள் அம்மா. கங்கோத்ரியிலிருந்து சுமார் 18 கி.மீ. நடந்து சேர்ந்தால் உங்கள் முன் நிற்பது கல்லும் மண்ணும் மூடிய சாம்பல் நிற மேடு. இருபுறச் சரிவுகளிலிருந்து உருண்ட பாறைகள் பனிமேல் கிடக்கும். கீழே வெடிப்புகளில் மட்டும் நீலம் தெரியும். அந்த வாயிலிருந்துதான் பாகீரதி கலங்கலாகப் பாய்கிறாள். முனையில் பாளங்கள் திடீரென்று இடிந்து விழும், மிக அருகே போகவே வேண்டாம்.

கேள்வி: ஒரு நாடே தன் பனியாறுகளை முழுக்க இழந்ததுண்டா?

உண்டு, வெனிசுவேலா. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 6 பனியாறுகள் இருந்தன. கடைசியாக மிஞ்சியது ஹம்போல்ட். அது 2 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கியது. 2023 டிசம்பரில் வெயில் படாமலிருக்க விரிப்புகளால் போர்த்தும் திட்டத்தை அரசு அறிவித்தது. 2024-இல் அறிஞர்கள் அதைப் பனியாறுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பனி கொஞ்சம் அங்கே இன்னும் இருந்தது. அது நகர்வதை நிறுத்திவிட்டது.