பாதியில் வராமல் போன நோயாளிகளைக் கணக்கிலிருந்து நீக்கலாமா?

நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று தருமபுரியில் ஆய்வேடு எழுதுவதாகச் சொன்னீர்கள், ஓசூர், பெங்களூரு என்று வேலைக்குப் போய்த் தொடர்பு விட்டுப்போனவர்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்காதீர்கள். புள்ளியியலாளர்கள் கப்லான், மையர் இருவரும் 1958இல் கொடுத்த முறை இதற்காகத்தான் இருக்கிறது, மாதம் போகப் போக எத்தனை பங்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை அது ஒரு கோடாக வரைந்து காட்டும்.

10 பேர் என்று வையுங்கள். 3ஆம் மாதம் ஒருவர் இறக்கிறார், உயிரோடு இருப்பவர்கள் 9/10, அதாவது 0.90. 5ஆம் மாதத்தோடு இரண்டு பேர் வருவதில்லை, அப்போது கோடு இறங்காது, கணக்கில் இருப்பவர்கள் மட்டும் 7 ஆகக் குறைவார்கள். 8ஆம் மாதம் இன்னொருவர் இறந்தால் 0.90ஐ 6/7ஆல் பெருக்குங்கள், 0.77 வரும். அந்த இருவரையும் முதலிலேயே நீக்கியிருந்தால் 0.75, கடைசிவரை உயிரோடு இருந்ததாக எழுதியிருந்தால் 0.80. இரண்டுமே தப்பு.

ஆனால் ஒன்று, வேலைக்குப் போனவர் வேறு, உடம்பு முடியாமல் அரூர் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டவர் வேறு. இரண்டாவது வகையினர் இறந்திருக்கும் வாய்ப்பு கூடுதல், அவர்கள் அதிகம் என்றால் உங்கள் கோடு நிஜத்தைவிட மேலே நிற்கும், எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்து தராது (எனக்குத் தெரிந்து பலர் தவறுவது இங்கேதான்). அதனால் முதலில் போனை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் பேசுங்கள், அப்புறம் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும் சர்வைவல் (survival) பேக்கேஜைத் திறக்கலாம்.