16 வயது அக்கா மகனை யாரோ ஓர் 'அண்ணன்' தப்பான வேலைக்குப் பயன்படுத்துகிறார் என்று சந்தேகம். என்ன செய்யலாம்?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: பையன் கோலாலம்பூரில் படிவம் நான்கு படிக்கிறான். புது போன், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத காசு, ராத்திரி "அண்ணன் கூப்பிட்டாரு" என்று கிளம்பிப் போவது, பள்ளிக்கு அடிக்கடி மட்டம். அவன் அப்பா அடித்துத் திருத்தப் பார்க்கிறார். போலீசுக்குப் போனால் பையன் வாழ்க்கையே போய்விடும் என்று அக்கா அழுகிறார். சித்தி நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள்.

நான் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் பல வருடமாக டியூஷன் எடுக்கிறேன். இப்படிச் சிக்கிய பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன், சில பெற்றோருக்குத் துணையாக போலீஸ் நிலையத்துக்கும் போயிருக்கிறேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

"யாரோடு சுற்றுகிறாய்?" என்று இனிமேல் கேட்காதீர்கள். அதற்கு அவன் பதில் சொல்ல மாட்டான், சொல்லக்கூடாது என்று மிரட்டி வைத்திருப்பார்கள். தனியாக இருக்கும்போது, "தம்பி, நீ யாருக்காவது காசு கொடுக்கணுமா?" என்று கேளுங்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பலர் அந்தக் கேள்விக்குத்தான் வாயைத் திறந்தார்கள்.

ஏனென்றால் இந்தக் கும்பல்கள் பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் கடனால்தான். ஆரம்பத்தில் எல்லாம் இலவசம். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) சாப்பாடு, ஒரு ஜோடி சப்பாத்து (ஷூ), அப்புறம் போன். கொஞ்ச நாள் கழித்து ஒரு பையைக் கொடுத்து, "இதை அந்த ஃபிளாட்டில் கொண்டுபோய்க் கொடு" என்பார்கள். ஒருநாள் வழியில் இரண்டு பேர் மோட்டாரில் வந்து பையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். "டீச்சர், நான் எடுக்கல, பிடுங்கிட்டாங்க, ஆனா நான்தான் கட்டணும்ங்கிறாங்க" என்று ஒரு பையன் என்னிடம் அழுதான். பிடுங்கியவர்களை அனுப்பியதே அந்த அண்ணனாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சாப்பாடு, சப்பாத்து, போன் எல்லாவற்றையும் சேர்த்து ஆயிரக்கணக்கில் ஒரு தொகையைச் சொல்வார்கள். அது குறையவே குறையாது. இன்னும் ஒரு வேலை, இன்னும் ஒரு வேலை என்று போய்க்கொண்டே இருக்கும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பிரிட்டனில் நகரத்துக் கும்பல்கள் சிறுவர்களை வைத்துச் சிற்றூர்களுக்குப் போதைப்பொருள் அனுப்புவதைக் 'கவுண்டி லைன்ஸ்' என்கிறார்கள். அங்கேயும் கும்பலே ஆள் வைத்துச் சரக்கைப் பறித்து, பழியையும் கடனையும் பிள்ளை தலையில் கட்டுவது தெரிந்த தந்திரம்தான்.

இங்கே பிள்ளைகளுக்குத் தரும் வேலைகள் வேறு வேறு. ஆ லோங்குக்காக (சட்டவிரோதமாக வட்டிக்குக் கடன் கொடுப்பவர்) கடன் வாங்கியவர் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுவது, சட்டவிரோதச் சூதாட்டம் நடக்கும் இடத்துக்கு வெளியே காவல் நிற்பது, பொட்டலம் கொண்டுபோவது. சாவு ஊர்வலத்தில் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு நிற்கக் கூப்பிடுவதும் உண்டு. அது வெறும் கூட்டம் சேர்க்கிற வேலை என்று பிள்ளை நினைப்பான். 2013-இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோத அமைப்புகளாக அறிவித்தது. அப்படிப்பட்ட கும்பலின் உறுப்பினர் என்று நிரூபிக்கப்பட்டால், குற்றவியல் சட்டத்தின் 130வி பிரிவில் 5 முதல் 20 ஆண்டுவரை சிறை உண்டு. அந்த டி-ஷர்ட்டைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிற பிள்ளைக்கு இதை யாரும் சொல்வதில்லை.

வங்கிக் கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் பையனுக்கு அடுத்து வரப்போவது அதுவாக இருக்கலாம். எஸ்.பி.எம். (படிவம் ஐந்து இறுதித் தேர்வு) முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதங்களில் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள், பதினெட்டு வயதும் நெருங்கும். "அக்கவுண்ட் திறந்து கார்டையும் பின் நம்பரையும் கொடு, சில நூறு வெள்ளி (ரிங்கிட்) தருகிறேன்" என்பார்கள். மலாயில் இதற்கு 'அக்காவுன் கெல்டாய்' (கழுதைக் கணக்கு) என்று பெயர். மோசடியில் ஏமாந்தவர்களின் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். போலீஸ் தேடி வரும்போது சிக்குவது பிள்ளையின் பெயர். 2024-இல் இதற்கென்றே குற்றவியல் சட்டத்தில் தனிப் பிரிவுகள் சேர்த்துவிட்டார்கள். கார்டைக் கொடுத்தவனும் குற்றவாளிதான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கியைக் கூப்பிட்டு கார்டை நிறுத்துங்கள், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997-க்கும் போன் செய்யுங்கள். போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அவனுடைய கணக்கு எண்ணைப் போட்டு, புகார் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

இனி போலீஸ் பயம். அக்காவின் பயம் நியாயமானது, ஆனால் காத்திருப்பதில்தான் ஆபத்து அதிகம். பிரிட்டனில் 2015-இன் நவீன அடிமைத்தனச் சட்டம், 45-ஆம் பிரிவு, சுரண்டலுக்கு ஆளாகி அதனால் குற்றம் செய்த பிள்ளை அதையே நீதிமன்றத்தில் தற்காப்பாகச் சொல்ல இடம் தருகிறது (கொலை போன்ற பெரிய குற்றங்கள் இதில் சேராது). ஆனால் நம் நாட்டின் 2007 மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்குத் தரும் விலக்கு முக்கியமாகக் குடிநுழைவு, பயணப் பத்திரக் குற்றங்களைப் பற்றியது. அது உங்கள் பையனுக்கு உதவாது. ஆகவே அவனைப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு நீங்களே ஓர் ஆதாரத்தை உண்டாக்க வேண்டும். கைதாவதற்கு முன்னாலேயே, தேதியோடு, குடும்பமே போய்க் கொடுத்த போலீஸ் ரிப்போர்ட்டை விட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது. பிடிபட்ட பிறகு "என்னை மிரட்டினார்கள்" என்று சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதானே என்று எடுத்துக்கொள்வார்கள்.

2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லாரையும் சிறார் என்கிறது. கைதானால் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே சொல்ல வேண்டும். வழக்கு பெரும்பாலும் சிறார் நீதிமன்றத்தில் மூடிய கதவுக்குள் நடக்கும், மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக்கூடாது. அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவு, பிள்ளையைச் சூதாட்டம் போன்ற சட்டவிரோத வேலைக்குத் தெருவில் நிறுத்துகிறவரைத்தான் குற்றவாளி என்கிறது. ரிப்போர்ட் கொடுக்கும்போது இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். பதினெட்டு தாண்டிய மறுநாள் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி அவனுக்கு இருக்காது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஆனால் வக்கீல் இல்லாமல் அவனை வாக்குமூலம் கொடுக்க விடாதீர்கள். முதலில் கோலாலம்பூர் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஆலோசனை கேளுங்கள், அப்புறம் நிலையத்துக்குப் போங்கள். திடீரென்று கைதாகிவிட்டால் தேசிய சட்ட உதவி அறவாரியம் வழியாக இலவச வக்கீல் கிடைப்பார். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே உதவி எண் 15999, எந்த நேரமும் கூப்பிடலாம்.

ஒரு வெள்ளிகூட அந்தக் கடனைக் கட்டாதீர்கள். கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், நகையை விற்றாவது கட்டி முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் கட்டினால், இந்த வீட்டில் மிரட்டினால் காசு வரும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். போனை அவன் கையால் திருப்பிக் கொடுக்கவும் அனுப்பாதீர்கள். அதில் உள்ள மெசேஜ்கள்தான் உங்கள் சாட்சி, எதையும் அழிக்காமல் வக்கீலிடம் காட்டுங்கள். அவன் மாமாவோ பெரியப்பாவோ 'பேசித் தீர்க்க' அந்த அண்ணனைப் பார்க்கப் போவதாகச் சொன்னால் தடுத்துவிடுங்கள். மிரட்டல் வந்தால் அதற்கும் தனி ரிப்போர்ட்.

அவன் அப்பாவிடம் பேச வேண்டியது உங்கள் வேலை. அடி விழுகிற ஒவ்வொரு ராத்திரியும் பிள்ளை அந்த அண்ணனிடம்தான் போகிறான். அங்கே யாரும் அவனை அடிப்பதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். கோபம் இருக்கட்டும், கையை மட்டும் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்தால் பையனைச் சில வாரம் வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள், ஆனால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள். பெயர் பள்ளிப் பட்டியலிலிருந்து போய்விட்டால் அவனைத் திரும்பக் கொண்டுவருவது இரண்டு மடங்கு கஷ்டம்.

அவன் தொகையைச் சொன்ன பிறகு, எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும், முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் "சரி, வேற என்ன சொன்னாங்க?" என்று அடுத்ததைக் கேளுங்கள்.