மேடை மாயவித்தைக்காரர்கள் கொள்ளையடிக்கும் திரைப்படம் ஏன் ஏமாற்றம் தருகிறது?

மாயவித்தையின் வியப்பு, கண்ணெதிரே நடப்பது தந்திரமே என்று தெரிந்தும் அதன் வழி புலப்படாதிருப்பதில் பிறக்கிறது. மேடையில் நிற்பவரும் நம்மைப் போலவே இயற்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை. திரையிலோ, படத்தொகுப்பும் கணினி வரைகலையும் எதையும் நிகழ்த்திக் காட்டிவிடும் என்பது பார்வையாளருக்குத் தெரியும். மேடை வித்தைக்காரர்கள் கொள்ளையடிப்பதைச் சொல்லும், 2013-இல் வெளிவந்த 'நவ் யூ சீ மீ' என்ற ஆங்கிலப் படத்தில் ஒரு வித்தைக்காரி குமிழிக்குள் மிதந்தபடி அரங்கின் மேல் பறக்கிறார். காட்சி அழகானதுதான், ஆனால் அதில் கைத்திறனைத் தேட இடமே இல்லை.

கொள்ளைப் படத்தின் இன்பம், திட்டம் எங்கே பிசகுமோ என்ற பதைப்பில் இருக்கிறது. கதாபாத்திரங்கள் எதையும் செய்யவல்லவர்கள் என்றானதும் அந்தப் பதைப்பு போய்விடுகிறது.

என் பார்வையில் இவற்றைவிடப் பெரிய குறை இறுதித் திருப்பம்தான். வித்தைக்காரர்களைத் துரத்திவந்த புலனாய்வு அதிகாரியே கொள்ளைகளின் சூத்திரதாரி என்று 'நவ் யூ சீ மீ' முடிவில் சொல்லும்போது (இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்தருள்க), அதுவரை அவர் காட்டிய கோபமும் குழப்பமும் யாரை ஏமாற்ற நடிக்கப்பட்டன என்ற கேள்வி எழுகிறது. நல்ல திருப்பம் முன்காட்சிகளுக்கு இரண்டாவது பொருளைத் தரும். இங்கே மறுமுறை பார்க்கும்போது, நாமே கண்டுபிடித்திருக்கலாம் என்று எண்ணவைக்கும் தடயங்கள் போதிய அளவில் கிடைப்பதில்லை.