டேப் கறுப்பாயிடுச்சு, ஆனா பேக் ஈரமா இருக்கே?

சின்ன நர்சிங் ஹோம் ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பாக்கற ஒரு சிஸ்டர் கேட்டிருக்காங்க: ஆட்டோகிளேவ்ல (ஆவில கிருமியைக் கொல்ற மெஷின்) இருந்து எடுக்கறப்ப பேக், அதாவது துணில சுத்திக் கட்டுன கருவி செட், நசநசன்னு இருக்கு, ஆனா மேல ஒட்டுன, சூட்டுல நிறம் மாறற டேப்ல கோடு கறுப்பாயிடுச்சு, டாக்டர் வேற அவசரப்படுத்தறாரு, யூஸ் பண்ணலாமா?

வேண்டாம் சிஸ்டர். ஈரமா வந்த பேக்கை ஸ்டெரைல்னு (கிருமியே இல்லாததுன்னு) எடுத்துக்கவே கூடாது. உள்ள இருந்த கிருமி செத்தே இருந்தாலும், துணி நனைஞ்சிருந்தா உங்க கையில, டேபிள்ல இருக்கற கிருமி அந்த ஈரத்தோடவே உள்ள இறங்கிடும். டேப் கறுப்பானா வெளிய ஆவி பட்டிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், நடுவுல இருக்கற ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் வரைக்கும் போச்சான்னு டேப்புக்கு எப்படி தெரியும், அதுக்கு பேக்குக்குள்ள தனியா இண்டிகேட்டர் ஸ்ட்ரிப் வைக்கணும். இப்ப அந்த பேக்கைப் பிரிச்சு, காஞ்ச துணில புதுசா கட்டி, முழு சைக்கிள் திரும்ப ஓட்டுங்க. அப்படியே உள்ள தள்ளி இன்னொரு தடவ சூடு பண்றது வேலைக்கு ஆகாது.

ஏன் ஈரமாகுதுன்னா, முக்கால்வாசி இடத்துல டிரையிங் டைமை வெட்டிடறாங்க. சாதா ஆட்டோகிளேவ்ல கட்டுன பேக்குக்கு 121 டிகிரி, 15 பவுண்ட் பிரஷர்ல 30 நிமிஷம், அதுவும் சுவிட்ச் போட்டதுல இருந்து இல்ல, 121ஐ தொட்டப்புறம் எண்ணணும், அதுக்கு மேல காய 20, 30 நிமிஷம் தனி. அப்புறம் லோடிங். பேக்கை நெருக்கி அடுக்காதீங்க, கிண்ணத்தை சாய்ச்சு வைங்க, நிமித்தி வெச்சா தண்ணி தேங்கும். துணி மேல் தட்டுல, இரும்பு கீழ் தட்டுல, மாத்தி வெச்சா சொட்டு பூரா துணி மேல விழும். பேக்குக்கு பதிலா ஓட்டை வெச்ச ஸ்டீல் ட்ரம்னா, ஓட்டையைத் திறந்து உள்ள வைக்கணும், எடுத்த உடனே மூடணும். முக்கியமா, சுடச்சுட எடுத்து ஸ்டீல் டேபிள்ல வைக்காதீங்க, இட்லி சட்டி மூடி மாதிரி அடியில வேர்த்துடும். கம்பி ரேக்ல ஆறட்டும், அதுவரைக்கும் கை படவே கூடாது.

இவ்ளோவும் கருவி சுத்தமா உள்ள போனாதான். ரத்தம் காஞ்சு ஒட்டியிருந்தா அதுக்கு அடியில ஆவி போகாது. கத்தரி, ஃபோர்செப்ஸ் எல்லாத்தையும் திறந்து, தண்ணிக்குள்ள வெச்சே கீல்ல பிரஷ் போடுங்க, சலைன்ல (உப்புத் தண்ணி) மட்டும் ஊறப்போடாதீங்க, துரு பிடிச்சிடும். வாரம் ஒரு தடவ ஸ்போர் டெஸ்ட்டும் போட்டுடுங்க, அதாவது சுலபமா சாகாத கிருமி வித்தை (ஸ்போர்) உள்ள வெச்சு ஓட்டி, அது செத்துச்சான்னு பாக்கறது.

அவசரம்னு டாக்டர் 'சைடெக்ஸ்ல 20 நிமிஷம் போட்டு எடு'ன்னா (சைடெக்ஸ்ங்கறது குளுட்டரால்டிஹைடு கிருமிநாசினி திரவம்) ஒத்துக்காதீங்க, அந்த நேரத்துல ஸ்போர் சாகாது, குளுட்டரால்டிஹைடுல ஸ்டெரைல் ஆகணும்னா 10 மணி நேரம் ஊறணும். அதுக்கு பேசாம இன்னொரு செட் வாங்கித்தரச் சொல்லுங்க.