40 ஹெக்டேர் வெட்டியாயிற்று, பலன் உண்டா?

கேள்வி: புல்வெளிக் காப்பிடம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக அந்நியப் புதர்களை அகற்றி வருகிறோம். 40 ஹெக்டேர் முடிந்தது. பறவை இனங்களும் முன்பைவிட அதிகம் தெரிகின்றன. பல்லுயிர் இலக்கை எட்டிவிட்டதாக அறிக்கை எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். 40 ஹெக்டேர் என்பது செய்த வேலையின் அளவு, விளைந்த பலனின் அளவல்ல. பறவைகள் கூடியதற்கு நல்ல மழை காரணமாகலாம். கணக்கெடுப்பவர்களின் கண் பழகியிருக்கலாம். புதர் போனதால், மறைந்திருந்த பறவை வெளியே தெரிகிறது என்பதாகவும் இருக்கலாம். பலரை ஏமாற்றுவது இந்தக் கடைசிக் காரணம்தான். பறவை எத்தனை மீட்டர் தொலைவில் இருந்தது என்பதையும் குறித்தால் இந்தப் பிழையைத் திருத்த வழியுண்டு.

இனி வெட்டப்போகும் பகுதியில் சில துண்டுகளைக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்து, தொடாமல் விடுங்கள். வெட்டிய துண்டுகளில் சராசரி இன எண்ணிக்கை 12இலிருந்து 18 ஆகிறது, வெட்டாதவற்றில் 11இலிருந்து 16 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உயர்வு முறையே 6, 5. உங்கள் வேலையின் கணக்கில் வருவது 1 மட்டுமே! ஒரே ஒரு ஜோடித் துண்டை ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள். அது தற்செயலாகவும் அமையும்.

இன எண்ணிக்கையை மட்டும் நம்புவதும் ஆபத்து. மண்ணைக் கிளறிய இடத்தில் எங்கும் முளைக்கும் களைகள் வந்து பட்டியலை நீட்டிவிடும், புல்வெளியை மட்டுமே நம்பி வாழும் இனங்கள் அதற்குள் சத்தமில்லாமல் குறைந்திருக்கும். எந்த இனங்களுக்காக இந்த வேலை என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். செடிகளுக்கு 1 மீட்டர் சதுரச் சட்டம் போதும். மூலைகளில் முளையடித்து, ஆண்டுதோறும் அதே பருவத்தில் அதே இடத்தில் பாருங்கள். வெட்டிய புதர் வேரிலிருந்தும் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்தும் திரும்ப முளைக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: மேலாண்மைத் திறன் மதிப்பீட்டுப் படிவத்தில் எங்களுக்கு நல்ல மதிப்பெண். அது போதாதா?

பதில்: அத்தகைய படிவங்களில் பெரும்பகுதி திட்டம், ஆட்கள், நிதி, எல்லைக் காவல் பற்றியதே. இவை இல்லாமல் பலன் வராது. இவை இருப்பதாலேயே வந்துவிடவும் செய்யாது. பல்லுயிரைக் காக்க உலக நாடுகள் 2010இல் வகுத்த 20 ஐச்சி இலக்குகளில் ஒன்றுகூட 2020க்குள் முழுமையாக நிறைவேறவில்லை. பாதுகாக்கப்பட்ட பரப்பு கூடியபோதும் இன இழப்பு நிற்கவில்லை. 2022இல் மாண்ட்ரியலில் நாடுகள் ஏற்ற பல்லுயிர் உடன்பாடு, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாக்கச் சொல்வதோடு, அது பலன் தரும்படி நிர்வகிக்கப்பட வேண்டும் என்றும் கேட்கிறது. படிவத்தை நிரப்புங்கள், பக்கத்திலேயே களக் கணக்கெடுப்பையும் வையுங்கள். இரண்டும் முரண்பட்டால் களத்தின் பக்கம் நில்லுங்கள்.